இடஞ்சுற்று

அக்டோபர் 8, செவ்வாய்

சம்பூரணம் இன்றைக்கும் எனக்கு ஒரு டப்பா சோறு கொண்டுவந்தாள். தக்காளிச் சோறு. நேற்று தயிர்ச் சோறு. ஏன் என்று தெரியவில்லை.

கேட்டால், "அதிகமா ஆக்கிட்டேனுங்க்கா" என்கிறாள். அவள் வீட்டில் மூன்றே பேர். தினமும் ஒருத்திக்கு அளவு தப்புமா?

இந்த டைரி என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. லாரி ஆபீசில் பொங்கலுக்குப் பொங்கல் கொடுப்பார்கள். அவர் ஒரு எழுத்தும் எழுதியதில்லை. நான் ஏழாவது வரைதான். ஆனாலும் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. ஆனி மாதம் எனக்கு இந்தப் புத்தி இல்லாமல் போய்விட்டது.

ஆனியில்தான் அவர் லாரி அவிநாசி ரோட்டில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தனார் என்னை உட்காரவைத்து, "ஒண்ணுமில்லீங்க அண்ணி, மயக்கமா இருக்காரு. ஒரு வாய் சாப்புடுங்க" என்று இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். நாத்தனார் சட்னி ஊற்றினாள். எல்லாருக்கும் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. நான் மூன்று இட்லி தின்றேன். அவர் அதற்கு முந்தின ராத்திரியே போய்விட்டார் என்பது அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அன்றைக்குப் பிறகு யாராவது மெதுவாகப் பேசிச் சாப்பாடு கொடுத்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டேன். வீணாக்கக் கூடாது என்பதற்காக.

அக்டோபர் 9, புதன்

கம்பெனி இருப்பது கணபதி ஏரியாவில். கீழே லேத் பட்டறைகள், மேலே மாடியில் நாங்கள். ஆவணியில் சேர்ந்தேன். ஐந்து மேசை. என் மேசை ஜன்னலோரம், பக்கத்து மேசை சம்பூரணத்துடையது. கடைசியில் கண்ணாடி அறையில் பரந்தாமன் சார் டெஸ்டிங் மிஷினோடு இருப்பார். அவர்தான் முதலாளி. முன்பு பெங்களூரில் ராடார் செய்கிற இடத்தில் வேலை பார்த்தவராம்.

நாங்கள் செய்வது தீப்பெட்டியைவிடச் சின்ன அலுமினியப் பெட்டி. செல்போன் டவரில் மாட்டுவதற்கு. அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு. நாங்கள் மூணுவாசல் என்றுதான் சொல்வோம். ஏனென்றால் அதில் மூன்று வாசல் இருக்கும்.

சேர்ந்த வாரம் சார் எனக்குப் புரியவைத்தது: "ஒண்ணாம் வாசல்ல நுழையுற அலை ரெண்டாம் வாசல்லதான் வெளிய வரணும். ரெண்டுல நுழைஞ்சா மூணுல. வந்த வழியே திரும்பிப் போக விடாது. ஒரு பக்கமாத்தான் சுத்தும்."

"பிள்ளையாரைச் சுத்தற மாதிரிங்ளா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டு, "அதேதாம்மா. வலமாத்தான் வரணும்" என்றார்.

அதற்கு என்ன தேவை என்று கேட்டதற்கும் சொன்னார். டவரில் இருந்து அனுப்புகிற அலையில் கொஞ்சம் ஆண்டெனாவில் முட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுமாம். வந்த வழியே போனால் அனுப்புகிற மிஷினையே எரித்துவிடும். அதனால் இந்தப் பெட்டி அதைத் திருப்பி மூன்றாம் வாசலுக்குத் தள்ளிவிடும். அங்கே லோடு என்று ஒரு வெள்ளைக் கட்டி உட்கார்ந்திருக்கும். "அதோட வேலை வாங்கிக்கிறது மட்டும்தான். வாங்கிக்கிட்டுச் சூடாகும். வேற யாருக்கும் அடி படாது."

அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

இன்று டீ நேரத்தில் சம்பூரணம் சாரிடம், "எங்க நாத்தனாளுக்கும் இங்க ஒரு எடம் இருந்தாச் சொல்லுங் சார்" என்று கேட்டாள். சார், "இருக்கிறது அஞ்சு மேசைதானேம்மா, யாராவது நின்னாப் பார்க்கலாம்" என்றார்.

சார் அதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பினாளா இல்லையா? திரும்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. இன்று முழுக்கத் துடைப்பும் கழுவலும். பித்தளை இடுக்கியைப் புளி போட்டு விளக்கினேன். எங்களுக்கு எல்லாம் பித்தளைதான். இரும்பென்றால் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காந்தம்தான் இந்த வேலையில் பெரிய விஷயம். பெட்டிக்குள் முதலில் ஒரு கறுப்பு வில்லை. அதன் மேல் மூன்று கை நீட்டின செப்புத் தகடு. அதன் மேல் இன்னொரு கறுப்பு வில்லை. எல்லாவற்றுக்கும் மேலே காந்தம். காந்தத்துக்கு இரண்டு முகமும் ஒரே மாதிரி சாம்பல் நிறம். எது வடக்கு, எது தெற்கு என்று கண்ணால் தெரியாது. ஸ்டோரில் நாச்சிமுத்தண்ணன் திசைமுள்ளை வைத்துப் பார்த்து, வடக்கு முகத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துத் தருவார். நாங்கள் புள்ளி மேலே தெரியும்படி வைத்து மூடியை ஒட்ட வேண்டும். என் வேலையில் படிப்பு அவ்வளவுதான்.

சாயங்காலம் நாச்சிமுத்தண்ணன் பேப்பர் போட்டு மூடின ஒரு காந்தத் தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "திங்கக்கெழம எடுத்துக்க அம்மிணி" என்றார். வேட்டி வாங்கப் போகிற அவசரம் அவருக்கு.

அக்டோபர் 11, வெள்ளி

எல்லாரும் வரணும் என்று சார் சொன்னதால் போனேன். சாவியை மேசையில் போட்டுவிட்டு, பூஜை தொடங்கியதும் படிக்கட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மாவிலை, வாழைக்கன்று எல்லாம் நன்றாகக் கட்டியிருந்தார்கள். சம்பூரணம் பச்சைச் சேலை கட்டி, சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். டெஸ்டிங் மிஷினுக்கு வைத்தாள். காலண்டருக்கு வைத்தாள். டீத்தூள் டப்பாவுக்குக்கூட வைத்தாள். என் மேசைக்கு வரும்போது நாச்சிமுத்தண்ணன், "அது வேண்டாம் விடு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் காதுக்கு இப்போது மெதுவான பேச்சுத்தான் முதலில் விழுகிறது. சம்பூரணம் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். சார் பார்த்தார். பார்த்துவிட்டுச் சூடத்தட்டைப் பார்த்தார். அவள் என் மேசையைத் தாண்டிப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பொரிகடலைப் பொட்டலத்தை வழியில் ஒரு ஆட்டுக்குப் போட்டேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் போன பிறகுதான் சாவிக்கொத்தை மேசையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். எல்லாரும் கீழே லேத் பட்டறைப் பூஜையில் நின்றிருந்தார்கள். மாடியில் சம்பூரணம் மட்டும் என் மேசைக்கு முன்னால் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எதையோ கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என்ன அம்மிணி?"

"சும்மா பேப்பர் பறந்துதுங்க்கா. மூடி வெச்சேன்."

காற்றே இல்லை. ஃபேனும் ஓடவில்லை.

இடுக்கி இருந்தது. கத்தரி இருந்தது. சாவியும் இருந்தது. அப்படியென்றால் என்ன எடுத்தாள்?

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன். அவர் சட்டையைத் துவைக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

தட்டின் மேல் பேப்பர் ஒழுங்காக மூடியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். நாற்பது காந்தமும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் உருண்டையாக, அழகாக இருந்தது. நாச்சிமுத்தண்ணன் பண்டிகைக் குஷியில் வைத்தார் போலிருக்கிறது.

மத்தியானம் சம்பூரணம் எலுமிச்சைச் சோறு கொடுத்தாள். நான் வேலை செய்வதை அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு பெட்டியை மூடி ஒட்டினால் அவள் முகத்தில் ஒரு திருப்தி. வேவு பார்க்கிறாளா?

அக்டோபர் 16, புதன்

தட்டு முடிந்தது. நாற்பதும் டெஸ்டிங்குக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய ஆர்டராம்.

கொழுந்தனார் போன் பண்ணினார். வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் பல்லடத்துக்கே வந்துவிடச் சொல்கிறார். "தறிக்குடோனுக்குப் பின்னாடி ரூம் இருக்குதுங்க அண்ணி. ஒண்டியா எதுக்குங்க அங்க?" அதே பஞ்சுக் குரல். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். இந்த ஒரு வார்த்தைதான் இப்போது என்னிடம் இருக்கிற கதவு. அதைச் சாத்திக்கொண்டால் அதற்கு மேல் அவரால் பேச முடிவதில்லை.

அக்டோபர் 17, வியாழன்

சார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "இந்தத் தட்டு யாரோடது?" என்று கேட்டார்.

என்னுடையது என்றேன்.

உள்ளே கூப்பிட்டார். திரையில் இரண்டு கோடு. ஒன்று மேலே கிடந்தது, இன்னொன்று கிணறு மாதிரி இறங்கியிருந்தது. "மேல இருக்க வேண்டியது கீழ இருக்கு, கீழ இருக்க வேண்டியது மேல இருக்கு. நாற்பதும் இப்படித்தான். எல்லாமே தலைகீழா சுத்துது."

அவரே ஒரு பெட்டியைத் திருப்பிக் காட்டினார்.

"உள்ள போற அலை ரெண்டாப் பிரிஞ்சு வலமா ஒண்ணு, இடமா ஒண்ணு சுத்தும். காந்தம் இல்லேன்னா ரெண்டும் ஒரே வேகம். எல்லா வாசலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகும், ஒண்ணுக்கும் உதவாது. காந்தம் மேல உட்கார்ந்தா அந்தக் கறுப்பு வில்லை ஒண்ணை ஓட விடும், இன்னொண்ணை இழுத்துப் பிடிக்கும். அதனால ஒரு வாசல்ல ரெண்டும் ஒண்ணாச் சேந்து வந்து நிக்கும். இன்னொரு வாசல்ல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். காந்தத்தைக் கவுத்து வெச்சீங்கன்னா ஓடுறது நிக்கும், நிக்கிறது ஓடும். சுத்தே மாறிடும்."

"மாறினா என்னாகுங் சார்?"

"அனுப்புறது ஆண்டெனாவுக்கே போகாது. நேரா மூணாம் வாசல் லோடுக்குப் போய்டும். டவர்ல மாட்டியிருந்தா எவ்வளவு அனுப்பினாலும் அங்கேயே வெந்துபோகும். வெளிய ஒரு சத்தமும் போகாது."

வெளியே வந்தேன். சம்பூரணத்தின் முகம் வெளுத்துக் கிடந்தது. தப்பு என்னுடையது என்கிறார்கள், இவள் ஏன் வெளுக்கிறாள்?

அக்டோபர் 18, வெள்ளி

நாச்சிமுத்தண்ணன் சாமி மேல் சத்தியம் பண்ணுகிறார். "நா எல்லாத் தட்டுக்கும் புள்ளி வெச்சுத்தான் குடுத்தனுங் சார். முள்ளு வெச்சுப் பாத்துத்தான் வெச்சேன்." அப்படியென்றால் நான்தான் புள்ளியைக் கீழே போட்டு வைத்திருக்க வேண்டும். நாற்பதையுமா? நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா செய்கிறேன்?

மத்தியானம் தண்ணீர்க் குடத்துப் பக்கம் அவர் பேசுவது கேட்டது. "இடஞ்சுத்தா சுத்துதாம். சும்மாவா சுத்தும்? எழவு வூட்டுக் கையி. அதையத்தான் நா பூஜையன்னிக்கே சொன்னேன்."

மற்ற இரண்டு பெண்களும் உச்சுக் கொட்டினார்கள். சம்பூரணம் வாயைத் திறந்தாள், மூடினாள்.

இடஞ்சுற்று என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனியில் அவரைத் தூக்குவதற்கு முன்னால் வாசலில் எங்களை இடமாகத்தான் சுற்றவைத்தார்கள். நான் பழக்கத்தில் வலமாகத் திரும்பினேன். ஒரு கை என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டது. யார் கை என்று இன்னும் தெரியாது.

என் கை அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டதா? ச்சீ. இது காந்தம். காந்தத்துக்கு எழவு தெரியாது.

அக்டோபர் 19, சனி

சார் சொன்னார்: "திங்கட்கிழமை நாற்பதையும் திறங்க. சிலது உடையும். எது எப்படி ஆச்சுன்னு பார்க்கணும். பார்த்துட்டு உங்களை வெச்சுக்கிறதா என்னன்னு சொல்றேன்." கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார்.

மெதுவாகச் சொல்லிவிட்டார் என்றால் முடிந்தது என்றுதான் அர்த்தம்.

அக்டோபர் 20, ஞாயிறு

என் வீட்டுக்காரர் நம்பருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்று அந்தப் பெண் சொன்னாள். எப்போதும் அவள்தான். நம்பரை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று ரீசார்ஜ் மட்டும் போட்டுக்கொண்டு வருகிறேன். நான் அனுப்புவதெல்லாம் எந்த வாசலுக்குப் போகிறதோ.

உட்கார்ந்து யோசித்தேன். பூஜையன்று என் மேசையில் குனிந்திருந்தவள் யார்? சம்பூரணம். பேப்பர் பறந்தது என்று பொய் சொன்னவள் யார்? சம்பூரணம். நாத்தனாருக்கு இடம் கேட்டவள்? சம்பூரணம். யாராவது நின்றால்தான் இடம் என்று சார் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவள்? தட்டில் இருந்த காந்தத்தையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறாள். அதற்குத்தான் முன்கூட்டியே சோறு போட்டுப் பழகினாள். தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, எலுமிச்சைச் சோறு.

எனக்கு இட்லிதான் ஞாபகம் வந்தது.

நாளைக்கு அவளை எல்லார் முன்னாலும் கேட்பேன்.

அக்டோபர் 21, திங்கள்

எல்லார் முன்னாலும் கேட்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

காலையில் பெட்டிகளைத் திறக்க உட்கார்ந்தேன். மூடியின் பசையை இளக்கி, கத்தி முனையால் நெம்ப வேண்டும். மூன்றாவது பெட்டியிலேயே கறுப்பு வில்லை உடைந்து போயிற்று. புள்ளி எல்லாம் மேலேதான் இருந்தது. ஒன்றுகூடக் கீழே இல்லை. நான் தப்பாக வைக்கவில்லை. அப்படியென்றால் புள்ளியே தப்பான முகத்தில் இருக்கிறது.

டீ வந்தது. டம்ளர் வேர்த்திருந்தது. அந்த ஈரக் கையோடு ஒரு காந்தத்தை எடுத்தேன். விரல் சிவப்பானது.

நெயில் பாலிஷ் ஈரத்துக்கு அழியாது. தின்னர் போட்டுத் தேய்த்தால்தான் போகும். சம்பூரணத்தின் தட்டிலிருந்து ஒரு காந்தம் எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. என்னுடையதைத் தேய்த்தேன். கரைந்து ஓடியது.

மோந்து பார்த்தேன்.

எனக்கு அந்த வாசம் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கண்ணாடி ஸ்டாண்டில் வைத்திருந்த வாசம். ஆனியில் நாத்தனார் அந்தக் குப்பியை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தாள். சாந்து. நெற்றிக்கு வைக்கிற சிவப்புச் சாந்து.

காந்தத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெறுமனே இருந்தது. நாச்சிமுத்தண்ணன் புள்ளியே வைக்கவில்லை. வேட்டி வாங்கப் போன அவசரத்தில் வெறும் தட்டைப் பேப்பர் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காந்தமெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி வருவதால் நாற்பதும் ஒன்றுபோலத் தப்பாகியிருக்கிறது.

சம்பூரணம் பாத்திரம் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனாள். பின்னாலேயே போனேன். விரலை நீட்டினேன்.

"இது என்னது அம்மிணி?"

அவள் பார்த்தாள். டப்பா கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"உன்ற நாத்தனாளுக்கு எடம் வேணும்னா என்னையக் கேட்டிருக்கலாமே. நானே எந்திரிச்சுப் போயிருப்பேன். இப்புடியா செய்வே?"

"அய்யோ அக்கா! இல்லீங்க்கா!"

"பின்ன எதுக்கு வெச்சே?"

"உங்களுக்குத்தானுங் வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"எல்லா மேசைக்கும் பொட்டு வெச்சுட்டு உங்களத மட்டும் தாண்டிப் போன்னு சொன்னாங்கல்லங்க்கா. நானும் தாண்டிட்டேன். நீங்க படிக்கிட்ட நின்னு பாத்துட்டே இருந்தீங்க. என்னால சாமியே கும்புட முடியிலீங். அப்பறம் எல்லாரும் கீழ போனப்ப, பையில சாந்து இருந்துது..."

"மேசைல வெச்சுத் தொலைய வேண்டியதுதான? காந்தத்துல எதுக்கு?"

"மேசைல வெச்சா நாச்சிமுத்தண்ணன் பாத்து வைவாரு. அவரு பாக்கலீன்னா நீங்களே தொடச்சுப் போடுவீங்க. உங்களத் தெரியாதுங்ளா எனக்கு? காந்தம்னா மூடிக்குள்ள போயிருமுங். ஒருத்தருக்கும் தெரியாம அதுபாட்டுக்கு உள்ளயே இருக்கும். நீங்க கையால தொட்டு வெச்சதா ஆச்சு."

"நாற்பதுக்குமா?"

"ஒண்ணே ஒண்ணுக்கு வெச்சுட்டு நிறுத்த மனசு வரலீங்."

"வெறும் காந்தமா இருந்துதே, அது தெரியிலயா உனக்கு?"

"அண்ணன் வெச்ச புள்ளி அடிப்பக்கம் இருக்குமின்னு நெனச்சேனுங்க்கா. சாந்தும் நெயில் பாலிசும் ஒண்ணாட்ட இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லீங். வியாழக்கெழம சார் சொன்னப்பத்தான் தலைல இடி விழுந்துது. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். தொறந்தா வேல போயிரும். எங்கூட்டுக்காரரு படுத்துக் கெடக்கறாரு. உங்களுக்குத் தெரியுமுங்ல்ல?"

எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சோற்றைத் தின்றிருக்கிறேன். அவள் வீட்டில் யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"நா போய்ச் சொல்லிப் போடறேனுங்க்கா. நீங்க போகக் கூடாது" என்றாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிளம்பியும்விட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இரு. மொதல்ல டப்பாவக் கழுவு."

யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் இரண்டு வழிதான். வாயை மூடிக்கொண்டால் நான் பல்லடம் போக வேண்டும். தறிக்குடோன் பின்னால் ரூம். சொன்னால் சம்பூரணம் போக வேண்டும்.

காலையில் கண்ணாடி அறைக்குப் போனேன். நாச்சிமுத்தண்ணனையும் கூப்பிடச் சொன்னேன். சாரின் மேசையில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு காந்தத்தை வைத்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து இழுத்தேன். தாளில் சிவப்புக் கோடு.

"இது பாலிஷ் இல்லீங் சார். சாந்து. மறுபக்கம் பாருங்க, அண்ணன் வெச்ச புள்ளியே இல்ல."

சார் காந்தத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்கு வேர்த்தது. "பூஜை அவசரத்துல... ஒரு தட்டு... விட்டுப் போயிருக்குமுங் சார்" என்றார். சாமி மேல் பண்ணின சத்தியத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"சரி, இந்தச் சாந்தை வெச்சது யாரு?" என்றார் சார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பூரணம் எழுந்து நின்றுவிட்டது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"பூஜையன்னிக்கு இங்க எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்க. டீத்தூள் டப்பாவுக்கும் வெச்சீங்க. எம்மேசைக்கும் பொட்டு வந்துது. மேல வைக்க விடல, அதனால உள்ள வந்துது. மேலயே வைக்க விட்டிருந்தீங்கன்னா இந்த நாற்பதும் வலமாச் சுத்தியிருக்குமுங்."

நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. சார் என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சூடத்தட்டைப் பார்த்த மாதிரி இன்று பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சநேரம் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு கேட்டேன்" என்றார். ஆனால் முன்னை மாதிரிக் கேட்கவில்லை.

"எம்மேசைல நடந்ததுங் சார். நா வெச்சதாவே எழுதிக்கங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார், "நீங்க சும்மா இருங்கண்ணே" என்றார். அப்புறம், "இனிமே புள்ளி பச்சையில வைங்க. வெச்சதை ரெண்டாவது ஆள் முள்ளு வெச்சுப் பார்க்கணும். அது துளசிமணிம்மா பார்க்கட்டும்" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்சநேரம் ஆயிற்று.

சாயங்காலம் கொழுந்தனார் போன் பண்ணினார். வேலை இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

சாந்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும், திருப்ப வேண்டும், பச்சைப் புள்ளி வைத்த முகம் மேலே வர மூடி ஒட்ட வேண்டும். உடைந்த வில்லைக்குப் பதில் புதுசு. சம்பூரணமும் நானும் மாறி மாறிச் செய்தோம். நாச்சிமுத்தண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தமோ, பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காந்தத்தை மட்டும் நான் துடைக்கவில்லை. அப்படியே திருப்பி வைத்தேன். சாந்துப் பொட்டு கீழ்ப்பக்கம், இருட்டில், கறுப்பு வில்லையைப் பார்த்துக்கொண்டு போயிற்று. மூடியை ஒட்டினேன்.

அதைச் சம்பூரணம் பார்த்துவிட்டாள். குனிந்துகொண்டாள்.

டெஸ்டிங்கில் அதுவும் பாஸ். திரையில் கோடு மேலே கிடந்தது. வலமாகச் சுற்றுகிறது என்று சார் சொன்னார். எந்த ஊர் டவருக்குப் போகுமோ தெரியாது. ஒரு வாசலில் போனால் அடுத்த வாசலில்தான் வரும். திரும்பி வராது. அது எனக்குத் தெரியும்.

மத்தியானம் சம்பூரணம் டப்பாவை நீட்டினாள். புளிச்சோறு.

"அதிகமா ஆக்கிட்டேனுங்க்கா" என்றாள்.

"உன்ற வூட்டுக்காரருக்கு எப்புடி இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் சொல்லச் சொல்லச் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.